பால்மா டின்னில் இருதலையான்

பெஞ்சில் அவளுக்கு முன்னால் ஐந்து தாய்மார், ஐந்து பிள்ளைகள், அப்புறம் தராசு. பார்க்கக் கூடாது என்று நினைத்தாள் செசிலி, நினைத்த கையோடு அதைத்தான் பார்த்தாள். தோட்டத்துப் பெண்கள் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைமடுவம் இது, மாதத்தில் ஒரு நாள் மட்டும் தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு நடு உத்தரத்துக் கொக்கியில் தராசை மாட்டுவார்கள், அன்றைக்கு இதற்குக் கிளினிக் என்று பெயர். வட்ட முகம், ஒற்றை முள், கீழே பிள்ளையின் இரண்டு காலும் நுழைகிற மாதிரி ஓட்டை விட்டுத் தைத்த நீலத் துணிப்பை. மடியில் நாலு மாத ஆக்னஸ் தூங்குகிறாள். காலடியில் கோரை பின்னிய பன்பை. பைக்குள் துவாய் இரண்டு, மாற்றுச் சட்டை ஒன்று, பிள்ளையின் எடை அட்டை, எல்லாவற்றுக்கும் அடியில் பால்மா டின். டின் மூடியில் ஆணியால் குத்திய பதினோரு ஓட்டை. டின்னுக்குள் பாம்பு. வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தால் கடைசிச் சொல்லும் துவாயைப் போல, சட்டையைப் போல சாதுவாக வந்து உட்கார்ந்துவிடும் என்று பார்த்தாள், ஆனால் அந்தச் சொல் வந்ததும் இடது கால் தானாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. ஏன் கொண்டுவந்தாள்? கொண்டுவராமல் என்ன செய்வாள்? காலையில் மதினி, அதாவது புருஷனுடைய அக்கா அந்தோனியம்மா, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "இன்னைக்கு அரைநாள் லீவு போட்டிருக்கேன், கட்டில இழுத்துப் போட்டு காம்பராவக் கழுவி விடப்போறேன், நீ புள்ளையத் தூக்கிக்கிட்டு முன்னால போ, பத்து மணிக்கு நான் அங்க நிப்பேன்" என்றாள். காம்பரா என்பது லயத்தில் ஒரே ஒரு அறை, அதில் கட்டிலுக்கு அடியில், தகரப் பெட்டிக்குப் பின்னால், பதினான்கு நாளாக அந்த டின். மதினி வாளியில் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் செசிலி குனிந்து எடுத்தாள், பையில் போட்டாள், மேலே துவாயைப் போட்டு மூடினாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினாள். ஏறும்போது பை லேசாக இருந்தது. ரொம்ப லேசாக. செத்துப்போயிருக்குமோ என்று அப்போதுதான் தோன்றியது. திறந்து பார்த்து இரண்டு நாளாகிறது. செத்தால் நல்லதா கெட்டதா என்று யோசித்துக்கொண்டே மடுவத்துப் படி ஏறினாள்.

ஐந்தரை. அந்த எண் ஒன்றுதான் இன்றைக்குத் தெளிவாக இருக்கிறது. இரண்டாம் மாதத்தில் ஆக்னஸ் ஐந்து கிலோ, மூன்றாம் மாதத்தில் ஐந்து கிலோ நூறு கிராம், அட்டையில் மிட்வைஃப் மிஸ் போட்ட புள்ளிகள் பச்சைப் பட்டையின் நடுவிலிருந்து ஓரத்துக்கு வந்து, இன்னும் ஒரு சறுக்கு சறுக்கினால் எடை போதாத பிள்ளைகளின் செம்மஞ்சள். "அஞ்சரைக்கு ஒரு கிராம் கொறஞ்சாலும் நாளையிலிருந்து டின்பால்தான், புள்ளைய நான் பாத்துக்கிறேன், நீ வேலைக்குப் போ" என்று மதினி போன மாதமே சொல்லிவிட்டாள். மிரட்டிச் சொல்லவில்லை, சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இதிலே பேச என்ன இருக்கிறது என்கிற மாதிரி சொன்னாள். அவளுக்கு டின்பால் என்பது வேதவாக்கியம். பதினோரு வயதில் அம்மாவைப் பிரசவத்தில் பறிகொடுத்து, பிறந்த தம்பியைக் கரண்டியால் டின்பால் ஊற்றி வளர்த்தவள், தனக்கென்று கல்யாணமும் செய்துகொள்ளாதவள். "ஒம்புருஷன் டின்பால்ல வளந்த ஆளு, தோளப் பாத்தியா?" என்பாள். தோள் பெரிய தோள்தான். அந்தத் தோளோடு இராயப்பன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை இறக்கிக்கொண்டிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்து, "அக்கா சொன்னாக் கேளு செசிலி, என்னையே வளத்த ஆளு அக்கா" என்கிறான். கேட்கத்தான் செய்கிறாள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று மதினி எதை எதை விலக்கினாளோ அதையெல்லாம் விலக்கியிருக்கிறாள், முட்டை சூடு, கீரை குளிர்ச்சி, பருப்பு வாயு, மீன் பிள்ளைக்குச் செமிக்காது, மிஞ்சினது குழைந்த சோறும் மிளகு ரசமும், நாலு மாதமாக. ஆனால் இன்று காலையில் அடுப்படியில் ஒரு வாசனை இருந்தது. ரசத்தின் வாசனை இல்லை. ஈரத்துணியில் சுற்றித் தம்ளருக்குள் வைத்த மல்லிகைப்பூ. பால் வற்ற வேண்டுமென்றால் இரண்டு மார்பிலும் மல்லிகைப்பூவை வைத்து இறுக்கிக் கட்ட வேண்டும், மூன்று நாள், வலிக்கும், அப்புறம் வலிக்காது, அப்புறம் ஒன்றுமே இருக்காது. நிறுத்துப் பார்ப்பதற்கு முன்னாலேயே பூப் பறித்தாகிவிட்டது. அந்த வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது, இல்லை, மடுவத்தில் யாரோ பூ வைத்திருக்கிறார்கள், இல்லை, யாரும் வைத்திருக்கவில்லை.

எல்லாம் பாலில் ஆரம்பித்ததுதான். முதல் மாதம் அவளுக்குப் பால் அப்படிப் பெருகியது, சட்டையெல்லாம் நனைந்து, பிள்ளைக்குப் புரையேறி, கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்து. "பீச்சிக் கொட்டிரு, ஆனா கால்படுற எடத்துல கொட்டிராத" என்றாள் மதினி, அதனால் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால், தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்துச் சேம்பு இலைக்கடியில் சிரட்டையில் கொண்டுபோய்க் கொட்டுவாள். மண் குடிக்கும். மண் வெள்ளையாகி, பிறகு கறுப்பாகும். ஒரு மழை நாள் காலையில் மதினிதான் முதலில் பார்த்தாள், "ஏ, இங்க வா, வந்து பாரு ஒன் பாலக் குடிக்க யாரு வந்திருக்கான்னு." ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். எண்ணெய் தடவினது போல வழவழப்பு, கறுப்பு வலைக்குள் செங்கல் நிறத்தில் இரண்டு வரிசைப் பொட்டு. அது தலையைத் தூக்கித் தட்டையாக விரித்து அவளைப் பார்த்தது, கீழ்ப்பக்கம் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை. செசிலி அந்தத் தலையைப் பார்த்துக் கும்பிடாத குறையாக, "போயிரு, போயிரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள், ரொம்ப நேரம் சொன்னாள், அப்புறம்தான் தெரிந்தது அது தலையில்லை, வால். உண்மைத் தலை சுருளுக்கு அடியில் மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொண்டு, கடுகளவு கண்ணால், வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கெஞ்சியதெல்லாம் வாலிடம். "இருதலையான்" என்றாள் மதினி, "ரெண்டு பக்கத்தாலயும் குடிக்கும்." மண்வெட்டியை எடுத்துவருவதற்குள் அது மண்ணுக்குள் போய்விட்டது. அதற்கு அடுத்த நிறுவையில்தான் பிள்ளை நூறே நூறு கிராம் ஏறியிருந்தது. "பாத்தியா? பால் வாடைக்கு வந்த பாம்பு வாடையிலேயே உறிஞ்சிரும், கொன்னாத்தான் தீரும்." அடுத்த காம்பரா தவமலர் அதைக் கேட்டுவிட்டு வாயில் கை வைத்தாள், "ஐயையோ கொன்னுறாதீங்க, பால் குடிச்ச பாம்பக் கொன்னா குடுத்தவளுக்குப் பால் வத்திரும், எங்க சின்னம்மாவுக்கு அப்படித்தான் ஆச்சு." விட்டாலும் போகும், கொன்றாலும் போகும். இரண்டு பக்கமும் தலை.

பாம்பு பால் குடிக்காது. இது செசிலிக்குத் தெரியும். கான்வென்ட்டில் விஞ்ஞானம் படிப்பித்த சிஸ்டர் பெனிட்டா மேசையைத் தட்டித் தட்டிச் சொன்ன பாடம், "கேர்ல்ஸ், பாம்புக்கு உறிஞ்ச உதடு கிடையாது, பால் குடிக்கும் என்று சொல்கிறவள் பரீட்சையில் பூச்சியம் வாங்குவாள்." ஆய்வுகூட அலமாரியில் இரண்டாம் தட்டில், பழுப்பேறின திரவத்துக்குள் இதே இருதலையான் ஒரு போத்தலில் இருந்தது. இந்தத் தீவை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்று சிஸ்டர் அதைத் தூக்கிக் காட்டுவார், ஏதோ தானே பெற்றது போல ஒரு பெருமை முகத்தில் தெரியும். கடிக்கத் தெரியாது, விஷம் இல்லை, மண்புழு தின்னும், பயந்தால் வாலைத் தலை போலத் தூக்கிக் காட்டும், அடி வாலில் விழுந்தால் தலை பிழைக்கும் அல்லவா. போத்தலின் அடியில் நாடா மாதிரி இரண்டு மூன்று கிடந்தன, அது தின்ற புழுக்கள் என்று செசிலி நினைத்துக்கொண்டாள், கேட்கவில்லை, சிஸ்டரும் சொல்லவில்லை. சிஸ்டர் சொல்லாத விஷயங்கள் நிறைய. இனப்பெருக்கம் என்ற அத்தியாயத்தை வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, வீட்டில் வாசித்துவிடக் கூடாது என்பதற்காகப் பக்கங்களைச் சேர்த்துக் குண்டூசி குத்தச் சொல்வார். விஞ்ஞான மொனிட்டர் செசிலிதான் குத்தினாள், முப்பத்திரண்டு புத்தகம், புத்தகத்துக்கு நாலு குண்டூசி, ஒரு வரிகூட வாசிக்காமல், வாசிக்காததற்காக சிஸ்டரிடம் ஒரு ஜெபப்படமும் வாங்கினாள். பிள்ளை எந்த வழியாக வருகிறது என்பதே ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் அவளுக்கு முழுசாகத் தெரிந்தது, "எங்கே தள்ளணும் மிஸ்?" என்று கேட்டு நர்ஸ்மார் சிரித்தார்கள். அப்படியானால் தனக்குத் தெரிந்தது எவ்வளவு, குண்டூசிக்கு உள்ளே போனது எவ்வளவு? பாம்புக்கு உதடில்லை என்பது குண்டூசிக்கு வெளியே. வாடையில் உறிஞ்சும் என்பது உள்ளே இருந்திருந்தால்?

"அடுத்த ஆள் வாங்க, உடுப்பு கழட்டி வச்சிருங்க" என்று மிட்வைஃப் மிஸ் கூப்பிட, பெஞ்சு ஒரு ஆள் நகர்ந்தது. செசிலி பையைக் காலால் தள்ளாமல் கையால் தூக்கி நகர்த்தினாள். உள்ளே ஏதோ உரசியது. மண்ணா, அதுவா? உயிரோடிருக்கிறது. சந்தோஷமாகத்தான் இருந்தது, அந்தச் சந்தோஷத்தைக் கண்டு பயமாகவும் இருந்தது. கான்வென்ட் முற்றத்து மாதா சுரூபத்தின் காலடியில் ஒரு பாம்பு உண்டு, பச்சை வர்ணம், வாயில் ஆப்பிள், மாதாவின் வெறுங்கால் அதன் கழுத்தில். சனிக்கிழமைகளில் சுரூபம் கழுவும் முறை வந்தால் மற்றப் பிள்ளைகள் மாதாவின் நீல முக்காட்டுக்கு அடித்துக்கொள்வார்கள், செசிலிக்குப் பாம்பு. பழைய பல்துலக்கியால் அதன் பல் இடுக்கில் படிந்த பாசியைத் தேய்ப்பாள், கண்ணில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவாள், மினுங்கும். பாவமாக இருக்கும். மாதாவின் முகமோ அதைப் பார்ப்பதே இல்லை, மிதித்திருப்பது தெரியாதது போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அம்மாமார் அப்படித்தான் இருக்க வேண்டுமாக்கும், காலடியில் என்ன இருந்தாலும் மேலே பார்த்துக்கொண்டு. அவள் தாயாகி நாலு மாதமாயிற்று, இன்னும் கீழேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பிடித்தது ஒரு வெள்ளிக்கிழமை. மதினி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருந்தாள். சேம்பு இலையை விலக்கினால் அது சுருண்டு கிடந்தது, முதல் நாள் பார்த்ததைவிட மொத்தமாக, அவளுடைய பெருவிரலை விடத் தடிப்பாக. காலிப் பால்மா டின்னைச் சாய்த்து வைத்து ஈர்க்குக்கட்டால் மெதுவாகத் தள்ளினாள், அது எதிர்க்கவில்லை, ஏதோ சொந்தக் காம்பராவுக்குள் போகிற மாதிரி வழுக்கி உள்ளே போனது, வாலைக் கடைசி வரைக்கும் தூக்கி அவளுக்குக் காட்டிக்கொண்டே. ஈர மண் போட்டாள், இரண்டு மண்புழு போட்டாள். அப்போது அவள் மனதில் ஒரு கணக்கு இருந்தது, கான்வென்ட் கணக்கு: பதினான்கு நாள் பாம்பை அடைத்து வைத்தால் பால் குடிக்க முடியாது, அப்போது பிள்ளை எடை ஏறுகிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பரிசோதனை. சிஸ்டர் பார்த்தால் தட்டிக்கொடுப்பார். ஆனால் கட்டிலில் படுத்து ஆக்னஸுக்குப் பால் கொடுக்கும்போது, கீழே பலகைக்கு அடியில் அது கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது, சப்பும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருக்கிற மாதிரி, ஏழாம் எட்டாம் நாளில்தான் பரிசோதனையின் அடி ஆடியது. எடை ஏறினால் என்ன அர்த்தம்? பாம்பு இத்தனை நாள் குடித்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம், மதினி சொன்னது சரி, சிஸ்டருக்குப் பூச்சியம், பாம்பைக் கொல்ல வேண்டும், கொன்றால் தவமலரின் சின்னம்மா. எடை ஏறாவிட்டால்? பாம்பு குற்றவாளி இல்லை. அப்படியானால் அவள்தான். அவளுடைய பால்தான் தண்ணீர், அவளுடைய உடம்புதான் ஓட்டை, மல்லிகைப்பூ. ஏறினாலும் தோல்வி, ஏறாவிட்டாலும் தோல்வி என்று ஒரு பரிசோதனையை எவளாவது வைத்துக்கொள்வாளா? அதைவிட மோசம் பன்னிரண்டாம் நாள். மூடியைத் திறந்தாள், புழு இரண்டும் மண்ணில் அப்படியே நெளிந்துகொண்டிருந்தன, அது தொடவேயில்லை, ஆனால் பருத்திருந்தது. நடு உடம்பு கொழுத்து, பொட்டுக்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நின்றன. ஒன்றும் தின்னாமல் எப்படிப் பருக்கும்? பொருள் சும்மா தோன்றாது, சும்மா மறையாது, இதுவும் சிஸ்டர்தான். பிள்ளையில் ஏறாத எடை எங்கேயோ ஏறியாக வேண்டும். மூடியை அழுத்தி மூடினாள். பதினோரு ஓட்டை வழியாக வாடை போகாதா என்ன?

"பைக்குள்ள என்னடி, ஓயாமப் பாத்துக்கிட்டே இருக்க?" தவமலர் வரிசையில் அவளுக்கு முன்னாலிருந்து திரும்பினாள், அவள் மடியில் அவளுடைய மகன் பூசணிக்காயாட்டம். "துவாய்" என்றாள் செசிலி. பொய்யில்லை. முழு உண்மையுமில்லை. அற்பப் பாவம். "ஒண்ணு சொல்லவா, நிறுக்கப் போறதுக்கு முன்னால வயிறு முட்டக் குடுத்துரு. ஒரு நூறு கிராமாவது நிக்கும். நான் எப்பவும் அப்படித்தான்." அதை அவளும் நினைத்தாள்தான். பால் அவள் மார்பில் இருக்கும் வரைக்கும் யார் கணக்கிலும் இல்லை, பிள்ளை வயிற்றுக்குப் போனதும் எடை. ஒரே பால். இது கள்ளமா? கொழுந்துக் கூடைக்கு அடியில் கல்லைப் போடுகிற மாதிரியா, இல்லை, கொழுந்துக்கு மேலே கொழுந்தைப் போடுகிற மாதிரியா? கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு, ஈரத்துக்கு என்று கழிப்பார்கள், பிள்ளையில் எதைக் கழிப்பார்கள்? ஆக்னஸ் கண் விழித்து உதட்டைக் குவித்தாள். செசிலி சட்டை ஊக்கில் கை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பிள்ளை பசித்துக் கேட்கிறது, கொடுப்பது கடமை, கொடுத்தால் ஏமாற்று, இரண்டும் ஒரே ஊக்கு. அதற்குள் தவமலரின் முறை வந்துவிட்டது, பூசணிக்காய் துணிப்பைக்குள் காலை விட்டு ஊஞ்சலாடியது, தவமலர் மடுவமே கேட்கிற மாதிரி, "ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிச்சிராதீங்க மிஸ், நான் கணக்குப்பிள்ளைகிட்ட போயிருவேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மிட்வைஃப் மிஸ் சிங்களத்தி, தமிழ் பேசினால் சொற்கள் தலைகீழாக நிற்கும், ஆனால் கை பதமான கை. "உங்கட மகனுக்குக் கழிக்கத் தேவல தவமலர், தராசு தான் உடையும்" என்றாள். அந்தச் சிரிப்பில் செசிலியும் சிரித்தாள், சிரிக்கும்போது சட்டை நனைந்தது, இரண்டு பக்கமும், கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, அதுவாகவே. ஆக்னஸின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

சட்டை கழற்றின பிள்ளை இத்தனை சின்னதாகவா இருந்தது? நீலத் துணிக்குள் கால்கள் தொங்கின, ஆக்னஸ் அழவில்லை, ஆச்சரியப்பட்டுக் காலை உதைத்தாள், முள் ஆடியது. ஐந்து. ஐந்தரை. ஐந்தே கால். ஐந்தரையைத் தாண்டியும் ஒரு நொடி நின்றது, அந்த ஒரு நொடியை எழுதினால் என்ன? அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தாள், எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று தெரியாமல் பாதியில் நின்றாள். ஏறட்டும் என்றா, ஏற வேண்டாம் என்றா? மிஸ் ஒரு விரலால் பிள்ளையின் குதிகாலைத் தொட்டு ஆட்டத்தை நிறுத்தினாள். "அஞ்சு கிலோ நானூறு." எழுதினாள். புள்ளி பச்சைப் பட்டையின் ஓரக் கோட்டின் மேலேயே விழுந்தது, உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. முந்நூறு ஏறியிருக்கிறது. ஐந்தரைக்கு நூறு குறைவு. ஏறவும் செய்திருக்கிறது, போதவும் இல்லை, அப்படியானால் பாம்பு பாதி குடித்ததா, வாடையில் மீதி குடித்ததா, சிஸ்டர் பாதி சரியா? "கூடிக்கொண்டு தானே போகுது மகள், பயம் எடுக்காதீங்க. தாய்ப்பால் மட்டும் குடுங்க. உங்களுக்கு என்ன சாப்பாடு? காலையில என்ன சாப்பிட்டது?" செசிலிக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. பிள்ளையைத்தானே நிறுத்தார்கள். "ரசம்" என்றாள். "வேற?" வேறு? அவள் திரும்பிப் பார்த்தாள், வாசலில் மதினி நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. முழங்கை வரைக்கும் ஈரம், சேலைத் தலைப்பில் ஒரு முடிச்சு, முடிச்சிலிருந்து வாசனை.

"அஞ்சே நானூறு" என்றாள் அந்தோனியம்மா, பெஞ்சுக்குத் திரும்பிய செசிலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஜெயித்த குரலில் அல்ல, களைத்த குரலில். "சொன்னேன்ல புள்ள. ஒம்மேல தப்புன்னு சொல்லல. செலருக்கு அமையாது. எங்கம்மாவுக்கு உசுரே அமையல." செசிலி ஆக்னஸுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள், ஒரு கை எந்த ஓட்டையில் நுழைய வேண்டும் என்று தெரியாமல் கழுத்து வழியாக வெளியே வந்தது. துவாயை எடுக்க மதினி பைக்குள் கைவிட்டாள், கை நின்றது. அவள் முகம் அப்படி இளகி செசிலி பார்த்ததில்லை. "அடி, நீயே டின்னு வாங்கிட்டு வந்திருக்கியா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல." டின்னை மடியில் வைத்து மூடியைத் தடவினாள். "இதென்ன, மூடியில ஓட்ட போட்டு வச்சிருக்க? மாவு கட்டியாப் போயிராது? கான்வென்டு படிப்புப் படிச்சவ பண்ற வேலையா இது?" டின்னைப் பிடுங்க செசிலி ஒரு கையை நீட்டினாள். மூடி டப்பென்று திறந்தது. தவமலர் எட்டிப் பார்த்து, "அம்மா!" என்று பிள்ளையோடு பெஞ்சு மேல் ஏறினாள், அவள் ஏறினதைப் பார்த்து மற்றவர்களும் ஏறினார்கள், யாரோ ஜன்னலில் ஏறினார்கள். அந்தோனியம்மா மட்டும் அசையவில்லை. டின்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கொதிக்கிற பாலைப் பார்க்கிற மாதிரி உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். செசிலியும் பார்த்தாள். அது சுருங்கியிருந்தது. பருத்திருந்த நடு உடம்பு துணி பிழிந்த மாதிரி வற்றி, மடிப்பு விழுந்து கிடந்தது. வால் தூக்கியிருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு வால், பென்சிலை விடச் சன்னம், அதற்கும் பக்கத்தில் ஒன்று, மண்ணுக்கடியிலிருந்து மூன்றாவதும், அத்தனையும் தட்டையாக விரிந்து, வெள்ளையும் கறுப்புமாக, அம்மாவைப் போலவே பொய்த் தலையைக் காட்டிக்கொண்டு. போத்தலின் அடியில் கிடந்த நாடாக்கள். புழு இல்லை. குண்டூசி குத்தின பக்கத்துக்குள் இருந்தது இதுதான், முப்பத்திரண்டு புத்தகத்திலும், அவள் கையாலேயே.

"குட்டி போட்டிருக்குடி" என்றாள் அந்தோனியம்மா, மெதுவாக. மடுவம் முழுக்கக் கத்திக்கொண்டிருக்க அவள் குரல் மட்டும் அடியில் ஓடியது. "எப்ப புடிச்ச?" "பதினாலு நாள்." "என்ன குடுத்த?" "மண்ணு. ரெண்டு புழு. திங்கல." மிட்வைஃப் மிஸ் தராசைப் பிடித்துக்கொண்டு எட்ட நின்றபடி, "அது கடிக்காத ஜாதி, எங்கட ஊர்லயும் இருக்கு, வெளியில கொண்டு போய் விடுங்க அம்மா, புள்ளைகள் பயப்படுது" என்றாள். அந்தோனியம்மா காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. "ஒண்ணுந் திங்காம, இருட்டுக்குள்ள, மூணு" என்றாள். பிறகு, "அப்ப வயித்துல இருந்தது பாலில்லயா?" என்று டின்னைக் கேட்டாள். அவள் மூடியைச் சரிவாக வைத்து மூடி, எழுந்து, பெஞ்சு மேல் நிற்கிறவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே போனாள். பின்வாசலுக்கு வெளியே மண்வெட்டிகள் சாத்தியிருப்பது செசிலிக்குத் தெரியும். ஆக்னஸ் வீரிட்டாள். செசிலி ஊக்கைக் கழற்றிப் பிள்ளையை மார்பில் போட்டாள், அது கவ்வியது, பால் வந்தது, அவள் காது முழுக்கப் பின்வாசலில் இருந்தது. மண்வெட்டி மண்ணில் இறங்கும் சத்தம் வருமா? வந்தால் இந்த நிமிஷமே பால் நின்றுவிடுமா, சின்னம்மாவுக்கு நின்ற மாதிரி, இல்லை, அதெல்லாம் பொய், பொய்யென்றால் ஏன் பிள்ளையின் வாயையே பார்க்கிறாள்? ஒரு சத்தம் வந்தது. உலோகம். எதன் உலோகம்? பிறகு குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம். பிள்ளை விடாமல் சப்பியது. எண்ணினாள், பதினேழு, பதினெட்டு, எதற்கு எண்ணுகிறோம் என்று தெரியாமல்.

அந்தோனியம்மா திரும்பி வந்தபோது டின் கையில் இருந்தது, கழுவி, கவிழ்த்துப் பிடித்திருந்தாள், சொட்டுச் சொட்டாக நீர். "வாழையடியில வுட்டேன்" என்றாள். "வெளிய கொட்டலாம்னா எது தல எது வாலுன்னு ஒரு எழவும் தெரியல. சும்மா சாச்சு வச்சிட்டு அந்தாண்ட போய் நின்னேன். தானாப் போச்சு. குட்டிதான் மொதல்ல போச்சு. அது கடைசி." உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பிள்ளை குடிப்பதைப் பார்த்தாள், ஒரு நாளும் பார்க்காததைப் பார்க்கிற மாதிரி, அல்லது எப்போதோ ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டியிருந்து பார்க்காமல் போனதைப் பார்க்கிற மாதிரி. "மிஸ் கேட்டாங்கல்ல, காலையில என்ன சாப்பிட்டன்னு." "நான் வச்ச ரசம்" என்று தானே சொல்லிக்கொண்டாள் அந்தோனியம்மா, "நாலு மாசமா." அட்டையை எடுத்து, கோட்டின் மேல் விழுந்த புள்ளியை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், அது அழியவுமில்லை, நகரவுமில்லை. "முந்நூறு ஏறித்தானே இருக்கு" என்றாள், செசிலியிடமா புள்ளியிடமா தெரியவில்லை. "மத்தியானம் முட்ட அவிக்கிறேன். ரெண்டா." அப்புறம் சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தாள். வாசனை எழும்பியது, செசிலியின் மார்பு தானாகச் சுருங்கியது, கட்டத்தான் போகிறாள், இங்கேயே, எல்லோர் முன்னாலும், முட்டை என்றது வேறு எதற்கோ, பிள்ளையை இறுக்கிக்கொண்டு சுவரோடு ஒண்டினாள். ஈரத் துணிக்குள் பூ சரமாகக் கட்டியிருந்தது, ஓரத்தில் இரண்டு மொட்டு பழுத்துவிட்டது. அந்தோனியம்மா அதை உள்ளங்கையில் போட்டு உதறினாள். "வாடிப் போவுது. அந்தப் பக்கம் திரும்பி தலையக் காட்டு." ஒரு நொடி செசிலிக்கு எந்தப் பக்கம் என்று விளங்கவில்லை. பிள்ளை வலது மார்பில் இருந்தது, பால் இடது மார்பிலும் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு குனிந்தாள்.